சட்டம் சொல்வதும் நெஞ்சு சொல்வதும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சட்டத்துக்குக் கட்டுப்படுவதா, மனசாட்சிக்குக் கட்டுப்படுவதா? இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய ஒரு நண்பர் சட்டமே பெரிது என்றார். அடுத்தவர் மனசாட்சியே பெரிது என்றார். இருவர் பேச்சுக்கும் நீங்கள் தலையசைத்திருப்பீர்கள். இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வி இத்தனை நூற்றாண்டுகளாகத் தீராமல் நிற்கிறது.

நம் பிள்ளைகள் பள்ளிச் சபைகூடலில் தேசியக் கோட்பாட்டை உரக்கச் சொல்கிறார்கள். 1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாரா அது. ஐந்து கோட்பாடுகள். அவற்றில் நான்காவது, சட்டத்தின் ஆட்சி. ஐந்தாவது, நன்னடத்தையும் ஒழுக்கமும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். சட்டம் மட்டும் போதும் என்றால் நான்கோடு நிறுத்தியிருக்கலாம். ஒழுக்கம் மட்டும் போதும் என்றால் நான்காவது தேவைப்பட்டிருக்காது. ஒரு நாடு நடக்க இரண்டு கால்களும் வேண்டும். சில வேளைகளில் இந்த இரண்டு கால்களும் வெவ்வேறு பக்கம் இழுக்கும்போது என்ன செய்வது என்பதே நம் முன் உள்ள சிக்கல்.

சட்டத்தின் பக்கம் உள்ள நியாயம்

முதலில் சட்டத்தின் பக்கம் நின்று பார்ப்போம். ஒவ்வொருவரும் தத்தம் மனசாட்சிப்படி நடக்கலாம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? என் மனசாட்சி ஒன்று சொல்லும். பக்கத்து வீட்டுக்காரர் மனசாட்சி வேறொன்று சொல்லும். கடைசியில் யாருக்குக் கை பலமோ, யாருக்கு ஆள் பலமோ, அவருடைய மனசாட்சியே வெல்லும். எளியவனுக்கு அங்கே வேலையில்லை.

தேசியக் கோட்பாடு ஏன் பிறந்தது என்பது நம் மூத்தவர்களுக்குத் தெரியும். 1969-ஆம் ஆண்டு மே 13 கலவரத்துக்குப் பிறகு, உடைந்த நாட்டை ஒட்டவைக்கப் பிறந்தது அது. கூட்டம் கூட்டமாக மனிதர்கள் தாங்கள் செய்வதே சரி என்று நம்பித் தெருவில் இறங்கினால் என்ன நடக்கும் என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டது. நம்மைப் போன்ற ஒரு சிறுபான்மைச் சமூகம் இதை மறக்கவே கூடாது. எண்ணிக்கையில் குறைந்தவனுக்கு வேலி சட்டம்தான்.

கிரேக்க ஞானி சாக்ரட்டீசை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்து பிறப்பதற்கு 399 ஆண்டுகளுக்கு முன், ஏதென்சு நகர நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. நண்பர் கிரித்தோ சிறைக்கு வந்து, தப்பிச் செல்ல வழி செய்துவிட்டேன், கிளம்புங்கள் என்றார். சாக்ரட்டீசு மறுத்தார். இந்த நகரத்தின் சட்டங்கள் என்னைப் பிறப்பித்தன, வளர்த்தன. எழுபது ஆண்டுகள் அவற்றின் நிழலில் வாழ்ந்துவிட்டு, எனக்குப் பாதகமாகத் தீர்ப்பு வந்த நாளில் மட்டும் அவற்றை மிதித்துவிட்டு ஓடலாமா என்பது அவர் வாதம். நஞ்சுக் கோப்பையைக் கையில் வாங்கிக் குடித்தார்.

பெரும்பாலும் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால், இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த இன்னொன்றும் இருக்கிறது. ஏதென்சை முப்பது பேர் கொண்ட ஒரு கொடுங்கோல் குழு ஆண்ட காலம். அவர்கள் சாக்ரட்டீசையும் வேறு நால்வரையும் அழைத்து, சலாமிசு தீவுக்குப் போய் லியோன் என்பவரைப் பிடித்து வாருங்கள் என்று ஆணையிட்டார்கள். கொல்வதற்காகத்தான். மற்ற நால்வரும் போனார்கள். சாக்ரட்டீசு தம் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரே மனிதர். ஒரு முறை ஆணைக்குக் கட்டுப்பட்டார், ஒரு முறை மறுத்தார். இதில் முரண் இல்லை. தம் தலைமேல் வந்த தண்டனையை அவர் ஏற்றார். பிறர் தலைமேல் அநீதியை ஏற்றும் கருவியாக இருக்க மட்டும் அவர் உடன்படவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மனசாட்சியின் பக்கம் உள்ள நியாயம்

இனி மறுபக்கம். உலகத்தில் நடந்த பெருங்கொடுமைகளில் பல சட்டப்படியே நடந்தன. அடிமை வாணிபம் பல நாடுகளில் சட்டப்படி நடந்தது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்குச் சட்டப் புத்தகமே இருந்தது. நம் கதையும் அப்படித்தான். மலாயாத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர், தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம். பிடித்துச் சிறையில் அடைக்கச் சட்டம் இருந்தது. 1910-இல் அந்த ஒப்பந்த முறை இங்கே முடிவுக்கு வரும்வரை, முதலாளிக்கும் கூலிக்கும் இடையே நின்ற சட்டம் யார் பக்கம் நின்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் நாஜித் தலைவர்கள் மீது விசாரணை நடந்தது. 1946-இல் தீர்ப்பு வந்தது. மேலிடத்து உத்தரவைத்தான் நிறைவேற்றினேன் என்பது தண்டனையைக் குறைக்கக் காரணமாகலாமே தவிர, குற்றத்திலிருந்து விடுவிக்காது என்பதை அந்த நீதிமன்றத்தின் சாசனமே தெளிவாக வைத்திருந்தது. கீழ்ப்படிந்தேன் என்ற ஒரு சொல்லால் மனிதன் தன் பொறுப்பைக் கழுவிவிட முடியாது என்று உலகம் அன்று எழுதி வைத்தது.

ஆகவே சட்டமும் தவறலாம். மனசாட்சியும் தவறலாம். அப்படியானால் எதை வைத்து அளப்பது? இந்த இரண்டுக்கும் நடுவே நின்று, தன் உடம்பையே தராசாக்கிய ஒருவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர் ஒரு வழக்கறிஞர். சட்டம் படித்தவர். பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

ஜொகனஸ்பர்க்கிலிருந்து மோத்திஹாரி வரை

1906-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் அரசு ஒரு சட்ட முன்வடிவைக் கொண்டுவந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட இந்தியர் ஒவ்வொருவரும் கைரேகை கொடுத்துப் பதிவு செய்து, சான்றிதழைக் கையோடு வைத்திருக்க வேண்டும். அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் ஜொகனஸ்பர்க் எம்பயர் அரங்கில் இந்தியர்கள் கூடினார்கள். இந்தச் சட்டத்துக்குப் பணிவதில்லை, வரும் தண்டனையை ஏற்பது என்று உறுதி எடுத்தார்கள்.

1908 ஜனவரியில் காந்தி சிறை சென்றார். பிறகு ஜெனரல் ஸ்மட்ஸுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர்கள் தாமாகவே முன்வந்து பதிவு செய்வது, சட்டம் நீக்கப்படுவது என்று இந்தியர் தரப்பு அதைப் புரிந்துகொண்டது. இந்தியர்கள் பதிவு செய்தார்கள். சட்டம் நீங்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஜொகனஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் வளாகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களைப் பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கத் தீயில் போட்டார்கள். ஒருவரும் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

அந்தப் போராட்டத்தில் சிறை நிரப்பியவர்களில் தமிழர்கள் மிகுதி. தம்பி நாயுடுவைப் போன்றவர்கள் மீண்டும் மீண்டும் சிறை சென்றார்கள். 1913-இல் கேப் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. கிறிஸ்தவ முறையில் நடந்து பதிவான திருமணங்களே செல்லும் என்பது அதன் விளைவு. தாலி கட்டி வாழ்ந்த நம் பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆனார்கள். இதோடு, நேட்டாலில் ஒப்பந்தக் காலம் முடிந்தும் தங்கியவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுண் வரி கட்ட வேண்டியிருந்தது. மூன்று பவுண் என்றால் அறுபது ஷில்லிங். அன்றைய கூலித் தொழிலாளி மாதம் பதினான்கு ஷில்லிங்குக்கு மேல் பார்ப்பது அரிது. நான்கு மாதக் கூலி, தலைக்கு வரியாகப் போனது.

தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட, ஜொகனஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை என்ற இளம்பெண் அந்தப் போராட்டத்தில் சிறை சென்றாள். கடுங்காவல். காய்ச்சலோடு வெளியே வந்தவள், 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் இறந்தாள். வயது பதினாறு. அதே ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுண் வரியை நீக்கியது. நம் திருமணங்களையும் ஏற்றது. காந்தி தாயகம் திரும்பிய 1915-ஆம் ஆண்டிலேயே தில்லையாடி மண்ணுக்கு வந்துவிட்டுப் போனார்.

அடுத்து 1917. பீகாரில் சம்பாரண் மாவட்டம். நிலத்தின் இருபது பங்கில் மூன்று பங்கில் கட்டாயமாக அவுரி பயிரிட வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் உழவர்களை வாட்டினார்கள். விசாரிக்கச் சென்ற காந்திக்கு மாவட்டத்தை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது. அவர் வெளியேறவில்லை. ஏப்ரல் 18-ஆம் நாள் மோத்திஹாரி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள்.

அங்கே அவர் சொன்னதன் சாரம் நம் தலைப்புக்கு நேராக வருகிறது. சட்டத்துக்குக் கட்டுப்படும் குடிமகனாக, உத்தரவுக்குப் பணியவே என் மனம் முதலில் நினைத்தது. ஆனால் யாருக்காக வந்தேனோ அவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையை விட்டுவிட்டு என்னால் பணிய முடியவில்லை. ஆகையால் மீறினேன், அதற்குரிய தண்டனையை எதிர்ப்பின்றி ஏற்கிறேன் என்றார். எனக்குச் சட்டம் தூசு என்று அவர் சொல்லவில்லை. இரண்டு கடமைகள் மோதுகின்றன என்றார். வழக்கை நீட்ட எண்ணிய மாஜிஸ்திரேட் திகைத்துப் போனார். தண்டனையைத் தள்ளி வைத்தார். சில நாட்களில் மேலிடத்து ஆணைப்படி வழக்கே திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு அந்தக் கட்டாயச் சாகுபடியைச் சட்டமே ஒழித்தது.

இந்த இரு நிகழ்ச்சிகளிலிருந்தும் நாம் ஓர் அளவுகோலைச் செய்துகொள்ளலாம். முதலாவது, சட்டம் திறந்து வைத்த வாசல்கள் அனைத்தையும் தட்டிய பிறகே மீறினார்கள். மனு கொடுத்தார்கள், தூது போனார்கள், உடன்பாட்டுக்கும் இணங்கினார்கள். இரண்டாவது, ஒளிவு மறைவு இல்லாமல் மீறினார்கள். மூன்றாவது, அடுத்தவர் மேல் கை வைக்கவில்லை. நான்காவது, விலையைத் தாங்களே கொடுத்தார்கள். மனசாட்சி என்ற பெயரில் வரி ஏய்ப்பவனையும், சிவப்பு விளக்கில் பாய்பவனையும், கையூட்டுக் கொடுத்துத் தப்புபவனையும் இந்த அளவுகோல் ஒரு நொடியில் காட்டிக் கொடுத்துவிடும். அவன் மீறுவது இருட்டில். கொடுக்கும் விலையோ இன்னொருவன் தலையில்.

நீதிபதிக்கும் நெஞ்சு உண்டு

மீறுகிறவனைப் பற்றியே பேசினால் போதாது. சட்டத்தைச் செயல்படுத்தும் நாற்காலியில் இருப்பவருக்கும் மனசாட்சி இருக்கிறது.

1922-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள். அகமதாபாத். காந்தி தம் இதழில் எழுதிய மூன்று கட்டுரைகளுக்காக அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு நின்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். நான் செய்தது சட்டப்படி குற்றம், அதை என் கடமையாக நினைத்துச் செய்தேன், உச்சத் தண்டனையைக் கொடுங்கள் என்றார். சட்டம் தீயது என்று நீதிபதிக்கும் தோன்றினால் பதவி விலகலாம். சட்டம் நல்லது என்று தோன்றினால் தண்டிக்கலாம். வேறு வழியில்லை என்பது அவர் கருத்து.

நீதிபதி புரூம்பீல்ட் என்ற ஆங்கிலேயர். அவர் விலகவில்லை. ஆறு ஆண்டு சிறை விதித்தார். ஆனால், எதிரே நிற்பவர் தாம் இதுவரை விசாரித்த எவரையும் போன்றவர் அல்லர் என்பதை மனம் திறந்து ஒப்புக்கொண்டார். அரசாங்கம் இந்தத் தண்டனையைக் குறைக்குமானால் தம்மைவிட மகிழ்பவர் இருக்க மாட்டார் என்றும் சொன்னார். சட்டம் கேட்டதைச் செய்தார். தம் நெஞ்சு சொன்னதையும் மறைக்காமல் நீதிமன்றத்தில் பதிவு செய்தார்.

நம் சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நினைத்துப் பாருங்கள். பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரிக்காமல், காவலருக்கு ஆணையிட்டான். ஆணையிடும் அதிகாரம் அவனுக்கு இருந்தது. கண்ணகி அவைக்கு வந்து, சிலம்பை உடைத்து, சான்றோடு வழக்கை நிரூபித்தாள். அதிகாரம் கையிலிருந்தும் மன்னனின் நெஞ்சு அவனை மன்னிக்கவில்லை. அரியணையிலேயே உயிர் போயிற்று. அவன் செய்த குற்றம் சட்டத்தை மீறியது என்பதைவிட, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது என்பதே சரி.

கண்ணகி நீதி கேட்டதைக் கொண்டாடுகிறோம். எரிந்த மதுரையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. காப்பியத்தில் அவள் தீயை ஏவும்போது, முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்கிறாள். உண்மை வாழ்க்கையில் வைக்கும் தீ அப்படிப் பார்த்துப் போவதில்லை. 1922 பிப்ரவரியில், காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்தபோது, சௌரி சௌரா என்ற ஊரில் கொதித்தெழுந்த கூட்டம் காவல் நிலையத்தைக் கொளுத்தியது. 22 காவலர்கள் மாண்டார்கள். அந்தக் கூட்டமும் தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்பியதுதான். காந்தி இயக்கத்தையே நிறுத்தினார். ஐந்து நாள் உண்ணாமல் இருந்தார். சிறையில் இருந்த தலைவர்கள்கூட அவரைக் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் அவர் அசையவில்லை. அரசின் சட்டத்தை எதிர்த்து நின்ற மனசாட்சி, தன் சொந்தக் கூட்டத்தையும் எதிர்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் அது மனசாட்சி. இல்லாவிட்டால் அது வெறும் வேகம்.

இங்கே ஒரு கேள்வி எழும். எல்லா இடத்திலும் வெளிப்படையாக மீற முடியுமா? முடியாது. நாஜிகள் ஆண்ட நாடுகளில், யூதக் குடும்பங்களைப் பரண்மேல் ஒளித்துக் காத்தவர்கள் காவல் நிலையத்துக்குப் போய் அதைச் சொல்லியிருந்தால், விலை கொடுத்தவர்கள் அந்தக் குழந்தைகளாக இருந்திருப்பார்கள். 1940-இல் லித்துவேனியாவில் ஜப்பானியத் துணைத் தூதராக இருந்த சுகிஹாரா, தம் அமைச்சகத்தின் கட்டளையை மீறி அகதிகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயண அனுமதிகளை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து இருந்தது. 1947-இல் அவருக்கு வேலை போனது. மோத்திஹாரியில் காது கொடுத்துக் கேட்க ஒரு நீதிமன்றம் இருந்தது. கேட்பதற்கு யாருமே இல்லாத இடத்தில், உயிரைக் காப்பது ஒன்றே வழி. ஆனால் நேயர்களே, நாம் வாழ்வது அப்படிப்பட்ட நாட்டில் அல்ல. இங்கே நீதிமன்றம் உண்டு, நாடாளுமன்றம் உண்டு, வாக்குரிமை உண்டு. ஆகவே நமக்குரிய அளவுகோல் அந்த நான்குதான்.

என் மேசைக்கு முன் நின்ற பாட்டி

இவ்வளவு நேரம் பெரியவர்களைப் பற்றிப் பேசினேன். என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் இந்தப் பேச்சுக்கு நேர்மை இருக்காது.

1980-களில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இளம் ஆசிரியராக இருந்தேன். புதிய மாணவர்களைப் பதியும் பொறுப்பை அந்த ஆண்டு என்னிடம் கொடுத்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி ஏழு வயதுப் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பிள்ளைக்குத் தலை வாரிப் பூ வைத்திருந்தார்கள். பிறப்புப் பத்திரம் எங்கே என்று கேட்டேன். பாட்டி ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து கிளினிக்கில் ஊசி போட்ட அட்டையை எடுத்து நீட்டினார். இதுதான் ஐயா இருக்கு என்றார். பெற்றோர் எங்கே என்றேன். சரியான பதில் இல்லை.

"பாட்டி, பிறப்புப் பத்திரம் இல்லாமல் சேர்க்க முடியாது. சட்டம் அப்படி. நான் ஒன்றும் செய்ய முடியாது" என்றேன்.

பாட்டி வாதாடவில்லை. அட்டையை மடித்து மீண்டும் பையில் வைத்துக்கொண்டார். பிள்ளை மட்டும் வகுப்பறைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனது.

நான் சொன்னதில் தவறில்லை. விதி அப்படித்தான் இருந்தது. தலைமையாசிரியர்கூட என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் சில மாதங்கள் கழித்து வேறொரு காரியமாகப் பதிவு இலாகாவுக்குப் போனபோது, காலங்கடந்த பிறப்புப் பதிவு என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டேன். தோட்டத்துக் கடிதம், மருத்துவமனைப் பதிவு, சத்தியப் பிரமாணம், தெரிந்தவர்களின் சாட்சி இவற்றோடு மனுச் செய்யலாம். உடனே கிடைத்துவிடாது. அலைய வேண்டும். கிடைக்காமலும் போகலாம். ஆனால் அப்படி ஒரு வாசல் சட்டத்திலேயே இருந்தது. என்னிடம் அந்தப் பாட்டி கேட்டது சட்டத்தை மீறச் சொல்லி அல்ல. சட்டத்தின் வாசல் எது என்று காட்டத்தான் அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் எழுதப் படிக்கத் தெரிந்த என்னிடம் வந்தார். நான் "சட்டம்" என்ற ஒரு சொல்லைக் கதவாக்கி அடைத்துவிட்டேன்.

மறு ஆண்டு விசாரித்தேன். தோட்டம் கைமாறி, லயங்கள் காலியாகியிருந்தன. அந்தக் குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது.

சாக்ரட்டீசு கதையில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? தன்மேல் வரும் துன்பத்தை ஏற்பது ஒன்று. பிறர்மேல் துன்பத்தை ஏற்றும் கருவியாவது வேறொன்று. அன்று நான் கருவியாக இருந்தேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வாளும் இல்லை, சிறையும் இல்லை. அரை நாள் விடுப்பு எடுத்து அந்தப் பாட்டியோடு பதிவு இலாகாவுக்கு நடந்திருந்தால் போதும். அதற்குச் சட்ட மீறலே தேவையில்லை.

பெரும்பாலான நமக்கு வரும் சோதனை இதுதான். காந்திக்கு வந்தது போல நீதிமன்றக் கூண்டில் வராது. முகப்பு மேசையில் வரும். மருத்துவமனைப் பதிவிடத்தில் வரும். அலுவலகத்தில் ஒரு பாரம் நிரப்பும்போது வரும். சட்டத்துக்கும் மனசாட்சிக்கும் மோதல் என்று நாம் நினைப்பதில் பாதி, சட்டத்தை முழுதாகப் படிக்காத சோம்பல். சட்டம் முடியாது என்று சொல்வதற்கு முன்பே நாம் முடியாது என்று சொல்லிவிடுகிறோம். இன்றும் பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாமல் நம்மவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாளைக்கு உங்கள் மேசைக்கு முன் வரலாம்.

சட்டத்தின் காதும் திறக்கும்

நிறைவாக ஒன்று. மனசாட்சி சரியான வழியில் தொடர்ந்து பேசினால் சட்டம் கேட்கிறது. நம் நாட்டிலேயே அண்மைச் சான்றுகள் இருக்கின்றன. சில குற்றங்களுக்குக் கட்டாய மரண தண்டனை என்று சட்டம் இருந்தது. குற்றம் நிரூபணமானால், எதிரே நிற்பவன் யார், ஏன் செய்தான் என்று எடை போட நீதிபதிக்கு இடமே இல்லை. தீர்ப்பு எழுதும் பேனாவைச் சட்டம் முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தது. பல ஆண்டுகள் வழக்கறிஞர்களும், சமூக இயக்கங்களும், தண்டனை பெற்றோரின் தாய்மாரும் பேசினார்கள். 2023-இல் நாடாளுமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. மரண தண்டனை அடியோடு போய்விடவில்லை. ஆனால் எந்தத் தண்டனை என்று எண்ணிப் பார்க்கும் உரிமை நீதிபதியின் கைக்குத் திரும்பியது. சட்டமே தன்னுள் மனசாட்சிக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தது.

அதே 2023-இல் தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற பிரிவையும் நம் நாடாளுமன்றம் நீக்கியது. சிங்கப்பூரில் 2020-இன் தொடக்கத்திலேயே அது நீங்கிவிட்டது. சாக நினைத்த அளவுக்குத் துன்பப்பட்ட ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சரியா என்று எத்தனையோ மருத்துவர்களின், குடும்பங்களின் நெஞ்சு கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் சட்டமும் கேட்டது.

ஆகவே, எனக்கு முன் பேசிய நண்பர்கள் இருவருக்கும் என் பதில் இது. சாதாரண நாளில் சட்டத்துக்குக் கட்டுப்படுங்கள். அது எளியவனின் வேலி. சட்டம் தவறு என்று நெஞ்சு சொன்னால், அதன் வாசல்களை எல்லாம் தட்டுங்கள், உரக்கப் பேசுங்கள், வாக்களியுங்கள். பிறருக்கு அநீதி செய்யும் கருவியாக உங்களை மாற்ற ஒரு சட்டம் முயன்றால், அன்று மறுத்துவிடுங்கள். வெளிச்சத்தில் நின்று மறுங்கள். அதன் விலையை நீங்களே கொடுங்கள்.

அந்த நாள் வருவதற்கு முன், இன்று செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் மேசைக்கு முன் யாராவது ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றால், முடியாது என்று சொல்வதற்கு முன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொல்லுங்கள். பையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.